விளையாடிப் பிழைக்க முடியுமா?

(நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவில், பரிசளிப்புக்கு முன்பு, நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



சாக்கு ஓட்டத்தில் ஜெயித்த பையன் முன் வரிசையில் உட்கார்ந்து என்னையும் பரிசு மேசையையும் மாறி மாறிப் பார்க்கிறான். சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஆனால் இன்று நான் பேசப்போவது அவனுக்காக மட்டும் இல்லை. அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக.

கார்த்திகை மாதம் ஒரு நாள் மாலை. அகல் விளக்கு வேலை மும்முரமாக நடக்கும் நேரம். தண்ணீர்த் தொட்டி அருகில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். நம் பீங்கான் பட்டறை ஒன்றில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவர். கை விரலில் சிவப்பு வர்ணம் காயாமல் இருந்தது. "சார், எம் பொண்ணு ஹாக்கி நல்லா விளையாடுறாளாம். விளையாட்டு விடுதிக்கு அனுப்பச் சொல்றாங்க. ஒரு வார்த்தை கேக்கணும். விளையாடிப் பிழைக்க முடியுமா சார்?" என்றார்.

அதே வாரம் பக்கத்துத் தெரு நண்பர் தன் பேரன் வீடியோவைக் காட்டினார். மகள் குடும்பம் கனடாவில், டொரான்டோ பக்கம் இருக்கிறது. பேரன் காலில் ஸ்கேட்ஸ், தலையில் ஹெல்மெட், கையில் நீண்ட மட்டை. பனித் தரையில் வழுக்கிக்கொண்டு பறக்கிறான். ஐஸ் ஹாக்கி. "காலைல 5 மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போறாங்க. மட்டை, ஷூ, கவசம்னு காசு தண்ணியா ஓடுது. இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டார்.

ஒருவருக்குப் பனி மைதானம், இன்னொருவருக்குச் செம்மண் தரை. கேள்வி ஒன்றுதான். நான் இருவருக்கும் அப்போது பதில் சொல்லவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்விக்கு ஒருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன்.

முப்பது வருடத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த ஊரில் ஒரு பையன். பெயர் வேண்டாம். பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவன் அப்பாவிடம் போய், "படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது, அதை அப்புறம் பார்த்துக்கலாம். பையனை என்னிடம் விடுங்கள்" என்றேன். அவரும் விட்டார். மாநில அளவில் ஜூனியர் அணி வரை போனான். ஒரு போட்டியில் முழங்கால் திரும்பியது. பிளஸ் டூ எழுதவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ் இருந்தது, கல்வித் தகுதி இல்லை. இன்று எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்தி "வணக்கம் சார்" என்கிறான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால் இந்த முறை வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், இரண்டு மூன்று பேருடைய விளையாட்டு வாழ்க்கையை முதலிலிருந்து கடைசி வரை உங்கள் முன் வைக்கிறேன். நாம் எப்போதும் நடுவில் இருக்கும் கைதட்டலை மட்டும்தான் பார்க்கிறோம்.

தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து ஒருவர்

முதலில் தன்ராஜ் பிள்ளை. இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெயரும், நெற்றியில் விழும் நீண்ட முடியும், பந்தோடு ஓடும் அந்த ஓட்டமும் நினைவில் இருக்கும்.

1968 ஜூலை 16-ல் புனே அருகே கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா நாகலிங்கம் பிள்ளை. அங்கே இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிப்பது அவர் வேலை. அம்மா ஆண்டாளம்மா. ஐந்து ஆண் பிள்ளைகள். குடும்பம் இருந்தது தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலையை நம்பி வாழும் ஒரு குடியிருப்பு. சம்பள நாளை எண்ணிக்கொண்டு வாழும் வீடுகள். நடுவில் ஒரு மைதானம். நம்மிடம் இல்லாத எதுவும் அங்கே இல்லை. உடைந்த மட்டையைச் சேர்த்துக் கட்டி, தூக்கிப்போட்ட பந்தை எடுத்து வைத்துக்கொண்டு, மழை பெய்தால் சேறாகும் தரையில் அண்ணன் தம்பிகள் விளையாடினார்கள். முகமது ஷாகித் போல ஆட வேண்டும் என்பது தன்ராஜின் ஆசை.

அண்ணன் ரமேஷ் மும்பையில் ஆர்.சி.எஃப். உர நிறுவனத்தின் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் தம்பியும் மும்பைக்குப் போனார். பிறகு மகிந்திரா அண்ட் மகிந்திரா அணி. அங்கே ஜோக்கிம் கார்வாலோவின் வழிகாட்டல் கிடைத்தது. 1989-ல் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக இறங்கினார். பின்னாளில் இந்தியன் ஏர்லைன்ஸில் வேலை.

இங்கே பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் ஹாக்கி ஆட்டக்காரர் வெகு காலம் விளையாட்டால் நேரடியாகச் சம்பாதிக்கவில்லை. விளையாட்டு ஒரு வேலையை வாங்கிக் கொடுத்தது, அந்த வேலைதான் சோறு போட்டது. ரயில்வே, விமான நிறுவனம், எண்ணெய் நிறுவனம், வங்கி, காவல்துறை, ராணுவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. மாதச் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம். பத்திரிகையில் போட்டோ வருகிறவருக்கும் அலுவலகத்தில் ஒரு நாற்காலி இருந்தது.

தன்ராஜ் அதற்கு மேலும் போனார். வெளிநாட்டு கிளப்புகளுக்காக ஆடினார். லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்ஸில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், வங்கதேசத்தில் அபஹானி, ஹாங்காங்கில் கால்சா, இவை தவிர மலேசியாவில் இரண்டு கிளப்புகள். ஒப்பந்தம் இருக்கும் வரை பணம், முடிந்தால் பெட்டியைக் கட்டு. நம் ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்த வாழ்க்கை புரியும்.

1989 டிசம்பரில் தொடங்கிய சர்வதேச ஆட்டம் 2004 ஆகஸ்டில் முடிந்தது. 339 ஆட்டங்கள். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு. இப்படி நான்கிலும் நான்கு முறை ஆடியவர் என்று சொல்ல அவர்தான் இருக்கிறார். 1998-ல் பாங்காக்கில் அவர் கேப்டன். இறுதிப் போட்டியில் தென் கொரியாவோடு 1-1 சமன். பெனால்டி ஸ்ட்ரோக்கில் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் தடுத்து நின்றார். 1966-க்குப் பிறகு, 32 வருடம் கழித்து, ஆசிய விளையாட்டில் இந்திய ஹாக்கிக்குத் தங்கம்.

கைதட்டல் இத்துடன் நிற்கிறது. நான் மேலே போகிறேன்.

அந்தத் தங்கத்துக்குப் பிறகு அடுத்து அறிவித்த அணியில் தன்ராஜ் பெயர் இல்லை. ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்றார்கள். வீரர்களின் படி, வசதி பற்றி அவர் வாய் திறந்து பேசியதன் விளைவுதான் அது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. நாடு கொண்டாடிய கேப்டன், அடுத்த பயணத்துக்கு வீட்டில். பிறகு திரும்பி வந்தார். 2003-ல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை வென்று ஆசியக் கோப்பையை வாங்கியபோதும் அவர்தான் கேப்டன்.

ஒலிம்பிக் கணக்கைப் பாருங்கள். 1992 பார்சிலோனா, 7-வது இடம். 1996 அட்லாண்டா, 8-வது இடம். 2000 சிட்னியில் போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து கோல் போட்டது. சமன். மறுபடியும் 7-வது இடம். 2004 ஏதென்ஸ், 36 வயதில், அதுவும் 7-வது இடம்.

தன் காலத்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். நான்கு ஒலிம்பிக். ஒரு பதக்கம் இல்லை. அவருடைய வாழ்க்கை வரலாற்றை சந்தீப் மிஸ்ரா எழுதியிருக்கிறார். தலைப்பு 'ஃபர்கிவ் மீ அம்மா'. என்னை மன்னித்துவிடு அம்மா என்று பொருள். கேல் ரத்னா வாங்கியவர், பத்மஸ்ரீ வாங்கியவர், அவர் கதைக்கு இப்படி ஒரு தலைப்பு. மைதானத்தின் சேற்றிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அம்மாவிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று ஒன்று உள்ளே இருந்துகொண்டே இருக்கும். நம் பிள்ளைகளுக்கும் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளையை விளையாட அனுப்பும்போது பதக்கத்தைக் கடனாக அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

பனித் தரையில் ஒருவர்

அடுத்து, என் நண்பரின் பேரனுக்காக ஒருவர். நமக்கு ஐஸ் ஹாக்கி என்றால் லடாக். அங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் விளையாட்டு, உருகினால் லீவு. அந்தக் கஷ்டத்தோடுதான் நம் பெண்கள் அணி 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கி வந்தது. ஆனால் அதைத் தொழிலாக ஆடும் இடம் வட அமெரிக்கா. அங்கே தேசிய ஹாக்கி லீக் என்று ஒன்று. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் எண்பதுக்கு மேல் ஆட்டம், அதற்குப் பிறகு கோப்பைக்கான சுற்றுகள். ஒரு ஆட்டக்காரர் முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியே வருவார், அடுத்தவர் இறங்குவார். பந்துக்குப் பதில் 'பக்' என்ற கெட்டி ரப்பர் வட்டு. பலமாக அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

அந்த லீக்கில் ஆடியவர் மேனி மல்ஹோத்ரா. 1980-ல் கனடாவின் மிசிசாகாவில் பிறந்தார். அப்பா இந்திய வம்சாவளி. 1998-ல் 18 வயதில், அந்த ஆண்டு தேர்வில் 7-வது ஆளாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுத்தது. முதல் பத்துக்குள் வந்தால் கோல் மழை பொழிவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவர் பொழியவில்லை. நியூயார்க் டல்லாஸுக்கு மாற்றியது. டல்லாஸ் 2003-ல் கைவிட்டது. கொலம்பஸ் அணி எடுத்துக்கொண்டது.

இங்கேதான் அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். தான் கோல் போடும் நட்சத்திரம் இல்லை என்று தெரிந்தபின், மற்றவர்கள் அலட்சியம் செய்யும் வேலைகளை எடுத்துக்கொண்டார். ஆட்டம் ஒவ்வொரு முறை நின்று தொடங்கும்போதும் நடுவர் இருவருக்கு நடுவில் பக்கைப் போடுவார். யார் மட்டை முந்துகிறதோ அவர் அணிக்கு ஆட்டம். அதில் அவர் கைதேர்ந்தார். 2010-11 பருவத்தில் வான்கூவர் அணிக்காகப் பத்துக்கு ஆறு முறைக்கு மேல் அவர்தான் ஜெயித்தார். தன் அணியில் ஆள் குறையும்போது எதிரணியைத் தடுத்து நிற்பதும் அவர் வேலை. நம் பட்டறையில் பொம்மையைச் செய்கிறவரைத்தான் வெளியில் தெரியும். ஆனால் சூளையில் எதை எங்கே அடுக்குவது என்று தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவர் ஒரு நாள் வராவிட்டால்தான் அருமை தெரியும். மல்ஹோத்ரா அப்படிப்பட்டவர்.

2011 மார்ச்சில் ஒரு ஆட்டத்தில் பக் பறந்து வந்து இடது கண்ணில் அடித்தது. பல அறுவை சிகிச்சைகள். அந்தக் கண்ணின் பார்வை பெரும்பகுதி திரும்பவில்லை. ஆனாலும் அதே ஆண்டு ஜூனில் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் முகக் கவசத்தோடு இறங்கினார். சொந்த ஊர் ரசிகர்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் சினிமா. அது முடியவில்லை. 2013-ல் வான்கூவர் நிர்வாகமே, இந்தப் பார்வையோடு ஆடுவது உங்களுக்கு ஆபத்து என்று அவரை உட்கார வைத்தது. அவர் விடவில்லை. கீழ்நிலை லீக்கில் ஒரு அணியிடம் போய், என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று நின்றார். 33 வயது. அங்கிருந்து மேலே ஏறி கரோலினா, பிறகு மான்ட்ரியல். மொத்தம் ஏழு அணிகள், 991 ஆட்டங்கள். இன்னும் 9 ஆடியிருந்தால் 1000. அந்த ஒன்பது கிடைக்கவில்லை.

பிறகு பயிற்சியாளர் ஆனார். முதலில் உதவியாளராக வான்கூவரிலும் டொரான்டோவிலும். 2024-ல் அபட்ஸ்ஃபோர்டு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். அடுத்த ஆண்டே அந்த அணி கால்டர் கோப்பையை வென்றது. ஆட்டக்காரராக இருந்தபோது ஸ்டான்லி கோப்பை கிடைக்கவில்லை, ஆனால் கீழ்நிலை லீக்கில் என்றாலும், பயிற்சியாளராக ஒரு கோப்பை கையில் வந்தது.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். பேரன் லீக்கில் ஆடுவானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆடினாலும் 35 வயதில் அவன் பழைய ஆட்டக்காரன். நம்மைப் போன்றவர்கள் வேலையில் நிலைபெறுகிற வயதில் அவர்களுக்கு முதல் ஓய்வு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் 40 வருடம் வாழ்க்கை இருக்கிறது.

பக்கத்து ஊரிலிருந்து ஒருவர்

தூரத்துக் கதை போதும். நம் ஜங்ஷனில் திருச்சி ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அரியலூர். அந்த மாவட்டத்துப் பிள்ளை கார்த்தி செல்வம். கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக இறங்கினார். அதே போட்டியில் கோவில்பட்டிக்காரர் மாரீஸ்வரன் சக்திவேலும் இறங்கினார். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது அணியில் இருந்த ஒரே தமிழ்நாட்டு ஆட்டக்காரர் கார்த்தி. ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோல் போட்டார். இறுதியில் மலேசியாவை 4-3 என்று வென்று கோப்பை வந்தது.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணிக்குக் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன். தமிழ்நாட்டுக்காரர். எனவே இது நமக்கு எட்டாத விளையாட்டு இல்லை.

பணம் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஹாக்கி இந்தியா லீக் சில வருடம் நின்றுபோய் 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. நமக்கும் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஒரு அணி. அந்த ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம். அடுத்த மாதமே நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடி. இரண்டு விளையாட்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவு. அதுவும் 78 லட்சம் ஒருவருக்குத்தான். பட்டியலில் கீழே போகப் போக லட்சங்கள் சின்னதாகும். ஏலத்தில் பெயர் வராதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இன்றைக்கும் வழி அந்தப் பழைய வழிதான். விளையாட்டு வாங்கிக் கொடுக்கும் ஒரு வேலை.

அந்த வழி திறந்தே இருக்கிறது. தமிழ்நாடு அரசு வேலைகளில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வருமான வரி, வங்கி, காவல்துறை என்று தனியே ஆள் எடுக்கிறார்கள். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் கேட்பது இரண்டு காகிதம். ஒன்று விளையாட்டுச் சான்றிதழ், இன்னொன்று மதிப்பெண் சான்றிதழ். என் பையனிடம் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று இல்லாமல் போனதற்குக் காரணம் அவன் முழங்கால் இல்லை, என் வாய்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்க்கை நடக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, பக்கத்துப் பள்ளியில் படிப்பு எல்லாம் அரசு செலவு. விண்ணப்பம் ஆன்லைனில். அனுப்ப நினைத்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

சேரும் நாளில் பயிற்சியாளரிடம் கேட்கும் அதே கேள்வியைப் பள்ளியிலும் கேளுங்கள். போட்டிக்குப் போகும் நாட்களில் விட்டுப்போன பாடத்தை யார் சொல்லித் தருவார்கள்? பதில் தெளிவாக இல்லையென்றால் நீங்களே ஒரு ஏற்பாடு செய்யுங்கள்.

வலியை மறைக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள். "தாங்கிக்கோ" என்று சொல்லிச் சொல்லித்தான் சின்னக் காயம் பெரிதாகிறது. மூட்டு வீங்கினால் அந்த வாரம் ஓய்வு. ஒரு கோப்பை போனால் போகட்டும்.

ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் அன்றே நகல் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். பத்து வருடம் கழித்து அதைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அணியில் பெயர் வராத நாள் ஒன்று கட்டாயம் வரும். தன்ராஜுக்கே வந்தது. அன்று வீட்டுக்கு போன் வரும். அப்போது முதல் கேள்வியாக "ஏன் எடுக்கல?" என்று கேட்காதீர்கள். "சாப்ட்டியா?" என்று கேளுங்கள்.

பெண் பிள்ளை என்றால் இன்னொன்று. "இத்தனை வருஷம் வெயில்ல ஆடி கறுத்துட்டா, யாரு கட்டிக்குவா?" என்று சொல்ல ஒரு சொந்தக்காரர் எப்போதும் இருப்பார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

கடைசியாக நமக்கு. நம் குடியிருப்பின் நடுவில் இருக்கும் காலி இடத்தில் முழுவதும் கல் பதித்துக் கார் நிறுத்துமிடமாக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. வரும் பொதுக்குழுவில் வாக்குக்கு வருகிறது. கார் வைத்திருப்பவர்களின் கஷ்டம் எனக்கும் தெரியும். மழையில் சேற்றில் இறங்கி நடக்க யாருக்கும் பிடிக்காது.

ஆனால் கட்கியில் அந்தத் தொழிற்சாலை மைதானத்தையும் யாராவது ஒரு பொதுக்குழுவில் கல் பதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நம் இடத்திலிருந்து ஒரு தன்ராஜ் வருவார் என்று நான் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன். அநேகமாக வரமாட்டார். ஆனால் மாலையில் ஓடி வியர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கும் இருபது பிள்ளைகள் கட்டாயம் வருவார்கள்.

பாதியைக் காருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பாதியை மண்ணாகவே விடுங்கள். மாலை நாலரை முதல் ஆறரை வரை அந்தப் பாதியில் எந்த வண்டியும் நிற்க வேண்டாம். அந்த இரண்டு மணி நேரமும் நான் அங்கே விசிலோடு நிற்கிறேன். எனக்கு 68 வயது. ஓட முடியாது, ஊத முடியும்.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன பதில்? அவர் இன்று பின்வரிசையில் நிற்கிறார். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், நாளை நான் பேச்சு மாறினால் நீங்கள் கேட்கலாம்.

அம்மா, விளையாடிப் பிழைக்க முடியுமா என்று கேட்டீர்கள். விளையாட்டை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். விளையாட்டையும் படிப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதனால் ஒரு வேலைக்குப் போய், கௌரவமாகப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் மகள் அந்த இரண்டாவது கூட்டத்தில் சேர முடியும். அதற்கு மேல் போனால் அது அவள் திறமை, கொஞ்சம் அதிர்ஷ்டம். அனுப்புங்கள். தேர்வு நாளன்று நானும் கூட வருகிறேன். அவள் பாடப் புத்தகமும் பையில் இருக்கிறதா என்று நான்தான் பார்ப்பேன். ஆறு மாதம் கழித்து அழுதுகொண்டு திரும்பி வந்தாலும் தோற்றுவிட்டாள் என்று நம் தெருவில் ஒருவரும் சொல்லக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்ததற்குச் சாக்கு ஓட்ட வீரனுக்கு முதல் பரிசு. வா தம்பி, மேலே வா.